ஐந்து குண்டை நம்பாதீர்கள்

அன்புள்ள ஐயா,

என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். தலை அளவு 4.49 மி.மீ., 4.50 மி.மீ. என்று இரண்டு பெல்லட்டிலும் (ஈயக் குண்டு) ஐந்தைந்து சுட்டுப் பார்த்தோம். 4.49 ஒரே ஓட்டையாக விழுந்தது. அதிலேயே பத்து டப்பா வாங்கிவிடலாமா? பெல்லட்டை பாரலுக்குள் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்? நல்ல பெல்லட் போட்டும் ஒரு குண்டுக்கு 9.2 புள்ளிதான் அடிக்கிறாளே என்று நேற்று திட்டிவிட்டேன்.

ஒரு வாசகர், காவேரிப்பட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

இந்த ஐந்து குண்டுக் கணக்கைப் பற்றி எழுத நினைத்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

தள்ளும் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். காற்றுச் சிலிண்டர் வைத்த மேட்ச் ரைஃபிள் என்றால் பெல்லட்டை நேராக வைத்து மூடுங்கள், மூடும்போது அதுவே உள்ளே தள்ளிவிடும். பாரலை மடக்கும் ஸ்பிரிங் ரைஃபிள் என்றால் விளிம்போடு சமமாகும்வரை கட்டைவிரலால் அழுத்துங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. அவ்வளவுதான்.

பத்து டப்பா வாங்காதீர்கள். ஐந்தே ஐந்து பெங்களூரா மாங்காயைத் தொட்டுப் பார்த்துவிட்டு மண்டியில் ஒரு லோடுக்கு விலை பேசுவீர்களா? ஒரே ரைஃபிள், ஒரே பெல்லட், சுடுவதும் ஒரே ஆள். அப்போதும் ஒரு ஐந்து குண்டுக் குரூப் (அட்டையில் விழுந்த ஓட்டைகளின் கூட்டம்) இன்னொன்றைப்போல இரண்டு மடங்கு அகலமாக விழும். சின்னதாக விழுந்த ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை மறப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

மணல் மூட்டைமேல் ரைஃபிளைத் தாங்கி வையுங்கள், பாரல் எதிலும் படக்கூடாது. பெல்லட் மாற்றும்போதெல்லாம் பத்துப் பதினைந்து குண்டைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள். பழைய ஈயப்பூச்சு மாறி பாரல் புதியதற்குப் பழக வேண்டும். பிறகு ஓர் அட்டைக்குப் பத்துக் குண்டு. 4.49-இல் ஓர் அட்டை, 4.50-இல் ஓர் அட்டை என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் ஐந்து அட்டை. ஒன்றை முழுக்க முடித்துவிட்டு மற்றதற்குப் போனால் கைச்சோர்வெல்லாம் இரண்டாவதன் தலையில் விழும். வெர்னியர் அளவுகோலில் குரூப்பின் வெளிவிளிம்புகளை அளந்து, குண்டின் அகலமான 4.5 மி.மீ.யைக் கழியுங்கள். ஐந்து அட்டையின் சராசரியைப் பாருங்கள், மிகச் சின்னதைப் பார்க்காதீர்கள். வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் இரண்டும் ஒன்றே, கிடைப்பதை வாங்குங்கள். வாங்கும்போது டப்பாவிலுள்ள லாட் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) நீங்கள் சுட்டுப் பார்த்ததுதானா என்று பாருங்கள். லாட் மாறினால் அதே 4.49-உம் வேறு மாதிரி சுடும்.

டப்பாவைக் குலுக்கிக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவராதீர்கள். பெல்லட்டின் பின்பக்கம் பாவாடைபோல மெல்லிசாக விரிந்திருக்கும். காற்றழுத்தத்தில் அதுதான் விரிந்து பாரலை அடைக்கிறது. அது நசுங்கினால் காற்று ஒரு பக்கமாகக் கசிந்து குண்டு விலகும்.

இப்போது அந்த 9.2. இதில் எனக்கு உங்கள்மேல் கோபம். 10 மீட்டர் அட்டையில் 0.1 புள்ளி என்பது 0.25 மி.மீ. 9.2 என்றால் குண்டு நடுவிலிருந்து நாலேகால் மி.மீ.க்கு மேல் தள்ளி விழுந்திருக்கிறது. உங்கள் குரூப் 2 மி.மீ. அகலம் என்றே வைத்துக்கொள்வோம். பெல்லட்டால் நடுவிலிருந்து வரும் விலகல் அதில் பாதி, ஏறக்குறைய 1 மி.மீ., அதாவது 0.4 புள்ளி. 4.49-ஓ 4.50-ஓ அந்த 9.2-ஐக் காப்பாற்றியிருக்காது. நல்ல பெல்லட் வாங்கித் தந்ததைச் சொல்லிக்காட்டி ஒரு குழந்தையைத் திட்டலாமா? அடுத்த குண்டுக்கு அவள் ட்ரிகரில் விரல் வைக்கும்போது உங்கள் குரல்தானே காதில் கேட்கும்? இன்று சாயங்காலமே அவளிடம் பேசிவிடுங்கள். அட்டை மாற்றுவதும் லாட் எண் குறிப்பதும் உங்கள் வேலையாக இருக்கட்டும்.

பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

அன்புடன்.