பென்சிலைப் பாத்தாலே அழற பையன்

கேள்வி: அக்கா, நாங்க சேலம் அம்மாபேட்டை, வீட்லயே தறி போட்டிருக்கோம். பையனுக்கு நாலரை வயசு, எல்கேஜி. தினமும் 'அ' ஒரு பக்கம் எழுதிட்டு வரச் சொல்றாங்க. பென்சிலைக் குடுத்தாலே கை வலிக்குதுன்னு அழறான். பக்கத்து வீட்டுப் பொண்ணு அதே வயசுதான், பேரே எழுதுது. என்ன பண்றதுன்னே தெரியல.

பதில்: கண்ணு, மொதல்ல அந்தப் பக்கத்து வீட்டுப் பொண்ணை விடு. கை வலிக்குதுன்னு அவன் சொல்றது சாக்கு இல்ல, நெசமாவே வலிக்கும், அந்த வயசுல மணிக்கட்டு எலும்பெல்லாம் இன்னும் முழுசா உருவாகியிருக்காது, அதுல போய் ஒரு பக்கம் 'அ' எழுதச் சொன்னா அழாம என்ன பண்ணுவான்.

'அ' மொத எழுத்துதான், ஆனா எழுதறதுக்கு லேசுப்பட்ட எழுத்து இல்ல. சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நிக்கிற கோடு எல்லாம் அந்த ஒண்ணுலயே வந்துருது. நீ 'ட'வுல ஆரம்பி. மேலருந்து கீழ ஒரு கோடு, அப்படியே வலது பக்கம் இழுத்தா முடிஞ்சுது. அதையே மேல தூக்கிவிட்டா 'ப'. அப்புறம் 'ம'. இந்த மூணும் வந்து, புள்ளி வெக்கவும் கத்துக்கிட்டான்னா படம், மடம், பட்டம்னு எழுதிருவான், 247 எழுத்தும் முடியட்டும்னு காத்திருக்க வேண்டாம். 'பட்டம்' எழுதின அன்னைக்கு நெசமாவே ஒரு பட்டம் வாங்கிக் குடு.

எழுதறதும் நோட்ல வேண்டாம். எவர்சில்வர் தாம்பாளத்துல ரவையைக் கொஞ்சமாப் பரப்பு, விரல் போற இடத்துல தட்டு பளபளன்னு தெரியணும், நெறைய கொட்டிட்டா கோடு மூடிக்கும். தப்பாப் போனா ஒரு குலுக்கு, அவ்ளோதான், ரப்பர் வெச்சுத் தேச்சு பேப்பர் கிழியற அழுகையே இல்ல. என் பேரன் குலுக்கறதுக்காகவே வேணும்னு தப்புத் தப்பா எழுதுவான், அந்தக் கூத்துலயே 'ப' வந்துருச்சு. (முடிஞ்சதும் ரவையை டப்பால போட்ரு, எறும்பு மொய்க்கும்.)

இது ஒண்ணும் புதுசில்ல, திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்லதான எழுதினாங்க. மெட்ராஸ்ல இருந்த ஆண்ட்ரூ பெல்ங்கற வெள்ளக்காரர் அதைப் பாத்துட்டுத் தன் பள்ளிக்கூடத்துலயும் மணலைப் பரப்பி எழுத வெச்சாரு, 1797ல லண்டன்ல அதைப் பத்தி எழுதி அச்சே போட்டுட்டாரு. நாமதான் மணலை விட்டுட்டு நாலு வயசுக்கு நாலு வரி நோட்டு வாங்கறோம்.

உங்க வீட்ல அறுந்த நூல் கெடக்கும்ல, அதை முறுக்கி அட்டையில 'ட' மாதிரி பசை போட்டு ஒட்டிக் குடு, விரலால தடவித் தடவி ஓட்டட்டும். ஜவ்வரிசியை ஒண்ணொண்ணா எடுத்து பாட்டில் வாய்ல போடச் சொல்லு, ரெண்டு விரலுக்கும் நல்ல வேலை, ஆனா பக்கத்துலயே உக்காந்துக்க, மூக்குல போட்டுக்குவாங்க.

பென்சில் குடுக்கறப்போ புதுசா நீளமாக் குடுக்காத, சுண்டுவிரல் அளவு துண்டு போதும். துண்டா இருந்தா முழுக் கையால பிடிக்க எடமே இருக்காது, தானா மூணு விரலுக்கு வந்துரும். சிலேட்டும் பல்பமும்னா இன்னும் சவுரியம், பல்பத்தைத் தின்னாமப் பாத்துக்க.

ஸ்கூல் மிஸ்கிட்ட நேர்ல போய், கொஞ்ச நாளைக்கு ஒரு பக்கத்துக்குப் பதிலா நாலு எழுத்து போதுமான்னு கேளு. ஒத்துக்கலைன்னா அவன் எழுதின நாலுக்குக் கீழ மிச்சத்தை நீயே எழுதி அனுப்பு, நானும் டீச்சரா இருந்தவதான், சண்டைக்கு வந்தா வரட்டும்.