நெருப்பில்லாமல் புகையுமா?

கேள்வி: அமெரிக்கக் கறுப்பர்கள் ஓட்டப்பந்தயத்திலும் பாட்டிலும் கெட்டிக்காரர்கள், மறுக்கவில்லை. ஆனால் அறிவியல், மருத்துவம் என்று யோசித்தால் ஒரு பெயர்கூட நினைவுக்கு வருவதில்லையே? ஆங்கிலப் படங்களிலும் துப்பாக்கியும் கையுமாக வருகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். நெருப்பில்லாமல் புகையுமா ஐயா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: புகை என்று நீங்களே பேச்சை எடுத்துவிட்டீர்கள். புகையிலிருந்தே தொடங்குவோம்.

கிளீவ்லாந்து நகரில் காரெட் மார்கன் என்றொரு கறுப்பர் இருந்தார். 1877இல் கென்டக்கியில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்து, பிறகு சொந்தக் கடை போட்டவர். புகை மேலே எழும், தரையை ஒட்டிய காற்று சற்று நேரமாவது சுத்தமாக இருக்கும் என்ற எளிய உண்மையை வைத்துத் தீயணைப்பு வீரர்களுக்காக ஒரு முகமூடி செய்தார். தலையை முழுக்க மூடும் உறை, அதிலிருந்து தரைக்கருகே வரை தொங்கும் குழாய், குழாயின் நுனியில் நனைத்த ஸ்பாஞ்சு. 1914இல் காப்புரிமையும் கிடைத்தது.

சரக்கு நல்ல சரக்கு, விற்பதில்தான் சங்கடம். செய்தவர் கறுப்பர் என்று தெரிந்தால் வாங்க ஆள் இல்லை. மார்கன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வெள்ளைக்கார நடிகரைக் கூலிக்கு அமர்த்தி, 'கண்டுபிடிப்பாளர் இவர்தான்' என்று கூட்டத்தின் முன் நிறுத்தினார். தாம் செவ்விந்தியர் வேடம் போட்டுக்கொண்டு, 'பிக் சீஃப் மேசன்' என்ற பெயரில், தாரும் கந்தகமும் எரியும் கூடாரத்துக்குள் முகமூடியோடு நுழைந்து வெகுநேரம் இருந்துவிட்டு நலமாக வெளியே வந்தார். புகைக்குள் போனவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர்.

1916 ஜூலையில் ஈரி ஏரிக்கு அடியில் தோண்டிக்கொண்டிருந்த குடிநீர்ச் சுரங்கத்தில் வாயு வெடித்தது. மீட்கப் போனவர்களும் உள்ளேயே மயங்கி விழுந்தார்கள். நள்ளிரவில் மார்கனுக்கு ஆள் போனது. சகோதரரைக் கூட்டிக்கொண்டு, முகமூடிகளை அள்ளிக்கொண்டு, இரவு உடையோடு வந்து இறங்கினார். உயிர் ஒட்டிக்கொண்டிருந்தவர்களைத் தூக்கி வந்தார். பிறகு வீரத்துக்கான கார்னகி பதக்கங்கள் வந்தபோது வேறு சிலருக்குக் கிடைத்தன, அவருக்கு இல்லை. இத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. முகமூடிக்குச் சொந்தக்காரர் யார் என்ற செய்தி பரவியதும் தென் மாநிலங்களில் ஆர்டர்கள் ரத்தாயின. மூச்சு முட்டினாலும் முட்டட்டும், கறுப்பன் செய்த முகமூடி வேண்டாம்! இப்படிப்பட்ட ஊரில் பெயர் எப்படி ஐயா வெளியே வரும்?

(டிராஃபிக் சிக்னலைக் கண்டுபிடித்தவரே இவர்தான் என்று கைபேசிகளில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது மிகை. அவருக்கு முன்பே சிக்னல்கள் இருந்தன. 1923இல் இவர் காப்புரிமை பெற்றது, எல்லாத் திசை வண்டிகளையும் ஒரு கணம் நிறுத்திவைக்கும் மூன்றாவது நிலை கொண்ட கைகாட்டிக்கு. உள்ளதைச் சொன்னாலே போதும், ஜோடனை வேண்டாம்.)

மருத்துவம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். விவியன் தாமஸ் என்ற கறுப்பு இளைஞர் தச்சுவேலை செய்து படிப்புக்காகச் சேர்த்த பணம், 1930 வாக்கில் வங்கி திவாலானதில் போயிற்று. ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி, சம்பளப் பட்டியலில் துப்புரவுத் தொழிலாளி. இதயக் கோளாறினால் நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாமல், உதடும் நகமும் நீலம் பாரித்துக் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. ரத்தத்துக்கு மாற்றுவழி அமைக்கலாம் என்ற யோசனை குழந்தை மருத்துவர் ஹெலன் டாசிக்குடையது. நாய்களுக்கு அறுவை செய்து செய்து அந்த முறையைத் தேற்றிக் கொடுத்தவர் தாமஸ். 1944 நவம்பர் 29 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பதினைந்து மாதக் குழந்தைக்கு முதல் அறுவை நடந்தது. கத்தி பிளேலாக்கின் கையில். அவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு சிறு பலகைமேல் ஏறி நின்று, தையல் எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்பதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர் தாமஸ்.

1945இல் வந்த கட்டுரையில் இரண்டே பெயர்கள்: பிளேலாக், டாசிக். அறுவை முறைக்கும் அந்த இரண்டு பெயர்களே நிலைத்தன. தாமஸின் பெயரைச் சேர்க்கும் வழக்கம் அண்மையில்தான் வந்திருக்கிறது. சம்பளம் போதாமல், பிளேலாக் வீட்டு விருந்துகளில் அதே தாமஸ் மது பரிமாறிக் கூடுதல் காசு சம்பாதித்தார். 1976இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். மருத்துவத்துக்கு அல்ல, சட்டத்துக்கு!

இனி உங்கள் சினிமா. குற்றம் செய்கிறவர்கள் எல்லா நிறத்திலும் இருக்கிறார்கள்; அதை விட்டுவிடுவோம். 1915இல் 'பர்த் ஆஃப் எ நேஷன்' என்ற படம் கறுப்பர்களை வெள்ளைப் பெண்களைத் துரத்தும் வெறியர்களாகக் காட்டியது. அதில் முக்கியக் கறுப்பர் வேடங்களில் நடித்தவர்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிய வெள்ளைக்காரர்கள். படம் வெள்ளை மாளிகையிலேயே திரையிடப்பட்டது. அதே ஆண்டில் கறுப்பர்களை அடித்து மிரட்டிய வெள்ளை இனவெறிக் கூட்டமான கு க்ளக்ஸ் க்ளான் மறுபடி முளைத்தது. வெறியனாக நடித்தவன் வெள்ளையன், உதை வாங்கியவன் கறுப்பன். வெறியன் வேடம் இல்லையென்றால் வேலைக்காரி வேடம். அப்படியொரு வேடத்துக்காக 1940இல் ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கர் வாங்கினார். கறுப்பர் ஒருவர் பெற்ற முதல் ஆஸ்கர் அது. விழா நடந்தது கறுப்பர்களை அனுமதிக்காத ஹோட்டல்; அங்கே தயாரிப்பாளர் சிபாரிசு செய்த பிறகே அவருக்கு இடம் கிடைத்தது. அதுவும் சக நடிகர்களோடு அல்ல, சுவரோரம் தனி மேசையில்.

செய்தித்தாள்கள் மட்டும் யோக்கியமா என்றால், என் தொழிலைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 1967 கோடையில் இனக் கலவரங்களால் அமெரிக்க நகரங்கள் பல பற்றி எரிந்தன. காரணத்தை ஆராய ஜனாதிபதி ஜான்சன் கெர்னர் கமிஷனை அமைத்தார். 1968இல் வந்த அதன் அறிக்கையில் பத்திரிகைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அந்த நாட்டுப் பத்திரிகைகள் உலகத்தை வெள்ளைக்காரர் கண்ணால் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று கமிஷன் நேராகவே எழுதியது. செய்திப் பிரிவுகளில் வேலை செய்தவர்களில் கறுப்பர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. எதைப் போடுவது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் நாற்காலிகளில் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்தச் சொற்பப் பேரிலும் பெரும்பாலோர் கறுப்பர்களே நடத்திய நிறுவனங்களில்தான் இருந்தார்கள்.