சுழல் கீறல்: பாலிஷ் போட்ட இரண்டே மாதத்தில் திரும்ப வருவது ஏன்?

கேள்வி: என்னுடைய கருப்பு நிறக் காருக்கு மூன்று வயது. வெயிலில் நிறுத்தினால் மேல்பரப்பெங்கும் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. ஒவ்வொரு சர்வீஸின்போதும் பாலிஷ் போடுகிறார்கள். இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. இப்போது செராமிக் கோட்டிங் போட்டால்தான் தீரும் என்கிறார்கள். அடிக்கடி பாலிஷ் போட்டால் பெயின்ட் தேய்ந்துவிடுமா? நானே சரிசெய்ய முடியுமா? — கோவை வாசகர்

பதில்: இரண்டு மாதத்தில் தெரியும் கீறல்களில் பெரும்பாலானவை பழையவைதான். உங்கள் காரில் இதுவரை யாரும் அவற்றை எடுக்கவே இல்லை என்று நினைக்கிறேன். எண்ணெயும் மெழுகும் கலந்த ஒன்றைத் தேய்த்துப் பள்ளங்களை அடைத்திருக்கிறார்கள். நாலைந்து முறை ஷாம்பு போட்டுக் கழுவினால் அது கரைந்து போகும். அடுத்த சர்வீஸில் மறுபடியும் அதே பூச்சு, அதே பில். 'வெளிப்புற அழகூட்டல்' என்று ஒற்றை வரியில் பணம் வாங்குகிறார்களே தவிர, எந்த காம்பவுண்டு (தேய்க்கும் களிம்பு), எந்தப் பேட் (மெஷினில் மாட்டும் மெத்தை), பெயின்ட் எவ்வளவு தேய்ந்தது என்று யாரும் எழுதித் தருவதில்லை. நாமும் கேட்பதில்லை.

உங்கள் காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற படலம் இருக்கிறது. தொழிற்சாலைப் பெயின்ட் மொத்தமே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான் வரைதான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீங்கள் சொல்லும் சிலந்தி வலைக் கீறல்கள், அதாவது சுழல் கீறல்கள், இந்தப் படலத்தின் மேல்பகுதியில்தான் இருக்கின்றன. அவை உண்மையில் வட்டமாகவும் இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கும் கீறல்களில் ஒளிக்குக் குறுக்கே விழுந்தவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. நீங்கள் ஓர் அடி நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும்.

கீறலை எடுப்பதென்றால் அதைச் சுற்றியுள்ள படலத்தை அதன் ஆழத்துக்குச் சமமாகத் தேய்ப்பது. வேறு வழி கிடையாது. எனவே பெயின்ட் தேயும். பதமாகச் செய்தால் ஒரு பாலிஷுக்கு இரண்டு மூன்று மைக்ரான்தான். காரின் ஆயுளில் சில முறை தாங்கும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் தாங்காது. கம்பளிப் பேட் மாட்டிய, ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினோடு யாராவது வந்தால் தடுத்து நிறுத்துங்கள். அவசரக் கையில் அது விளிம்புகளில் கிளியர் கோட்டை ஊடுருவிவிடும். அதற்குப் பிறகு மறுபெயின்ட்தான்.

நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் அந்தக் கீறல் ஆழமானது, விட்டுவிடுங்கள். சிக்காதவற்றை நீங்களே எடுக்கலாம். சுழன்றபடியே அதிரும் டபுள் ஆக்‌ஷன் மெஷின், மென்மையான ஃபோம் பேட், மென்பாலிஷ் போதும். காரை நன்றாகக் கழுவி, நிழலில் தகடு குளிர்ந்த பிறகு, விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தில் மட்டும் தொடங்குங்கள். நாலைந்து துளி பாலிஷ் வைத்து, மெஷினை அதன் எடையை விடச் சற்றே கூடுதலாக அழுத்தி, மெதுவாகக் குறுக்கும் நெடுக்கும் நகர்த்துங்கள். ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து அந்த இடத்தைத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். அடைத்துவைத்த மெழுகெல்லாம் இதில் போய்விடும். உண்மையில் எடுபட்டது மட்டும் நிற்கும். பட்டறையில் கொடுத்தாலும் முதல் சதுரத்தில் இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் காரை விடாதீர்கள்.

ஒரே ஒரு விலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கதவிலோ ஃபெண்டரிலோ எப்போதாவது டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்திருந்தால் அந்தத் தகடு வேறு கணக்கு. அங்கே பள்ளம் நிரப்பும் பட்டி, பிரைமர், நிறம் எல்லாம் சேர்ந்து பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி 300 மைக்ரான்கூடக் காட்டும். "நிறைய இருக்கிறது, தாராளமாகத் தேய்க்கலாம்" என்பார்கள். நம்பாதீர்கள். அந்தக் கருவி மொத்தத்தைத்தான் சொல்லும். மேலே கிளியர் கோட் எவ்வளவு என்று சொல்லாது. அது பத்து மைக்ரானாகவும் இருக்கலாம். பழைய கார் வாங்கியவர்களுக்கு எந்தத் தகடு மறுபெயின்ட் என்றே தெரிந்திருக்காது. முதலில் எல்லாத் தகடுகளையும் அளந்து பாருங்கள். மற்றவற்றோடு ஒட்டாமல் ஒன்று கூடுதலாகக் காட்டினால் அங்கே மெஷின் வேண்டாம். கையால் லேசாகத் தேய்ப்பதோடு நிறுத்துங்கள்.

செராமிக் கோட்டிங் கீறலை எடுக்காது. எடுக்காமல் மேலே பூசினால் கீறல் உள்ளே அப்படியே நிற்கும். '9எச்' என்று விளம்பரத்தில் போடுவது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. தூசித் துணியிடம் அது செல்லாது. தண்ணீர் உருண்டோடவும் கழுவுவதைச் சுலபமாக்கவும் கோட்டிங் உதவும், அவ்வளவுதான். டெஃப்லான் என்ற பெயரில் விற்கும் கோட்டிங்கை வாங்கவே வாங்காதீர்கள். சமையல் சட்டியில் டெஃப்லானைப் பிடிக்கவைக்க 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குகிறார்கள். உங்கள் காரை யாரும் அப்படிச் சூடாக்கப் போவதில்லை.

பாலிஷ் முடிந்த மறுநாள் காலையில் கார் துடைக்க வருபவரிடம் பேசிவிடுங்கள். பத்து வீட்டுக் கார்களுக்கும் ஒரே வாளி, ஒரே துணி என்றால் பக்கத்து வீட்டு மண் உங்கள் பானெட்டில் கோடு போடும். இரவு படிந்த தூசியின் மேல் உலர்துணியோ இறகுத் துடைப்பமோ படவே கூடாது. முதலில் தண்ணீரால் மண்ணை இறக்கி, ஷாம்புக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொரு வாளி வைத்துத் துடைக்கச் சொல்லி, மைக்ரோஃபைபர் துணியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். தரையில் விழுந்த துணியைச் சக்கரத்துக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.