கிரவுன் இம்பீரியல் என்ற பூச்செடியின் கிழங்கு நட்டேன். இலை மட்டும் வருகிறது, பூக்கவில்லை, நாற்றம் வேறு. பிடுங்கி எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். இலை வருகிறதென்றால் கிழங்கு உயிரோடு இருக்கிறது, பூக்கத் தேவையான தெம்புதான் இன்னும் சேரவில்லை.

நட்டு ஒரு குளிர்காலம்தான் ஆகியிருக்கும், கிழங்கும் விற்கும் இடத்தில் நெடுநாள் காய்ந்து கிடந்திருக்கும் என்று நினைக்கிறேன். டியூலிப் கிழங்குக்கு இருக்கும் காகிதம் போன்ற மேல்தோல் இதற்குக் கிடையாது. சதைப்பற்றான செதில்கள் அப்படியே வெளியே தெரியும், காற்றில் கிடந்தால் சீக்கிரம் வற்றிவிடும். வற்றிய கிழங்கு பூவைக் கைவிட்டு இலையை மட்டும் விடும். குறைந்த ஆழத்தில் நட்டாலும் இதே கதைதான். 20 முதல் 30 செ.மீ. ஆழம் வேண்டும்.

என்னுடையதும் தொடக்கத்தில் இலையோடு நின்றது. கோடை வருமுன்னே அந்த இலையும் மஞ்சளாகித் தொங்கியது. வீட்டில் ஆளாளுக்கு, "அசிங்கமா இருக்கு, வெட்டி விடு" என்றார்கள். நான் விடவில்லை. அடுத்த வசந்தத்துக்கான சாப்பாட்டை அந்த இலைதான் கிழங்குக்குள் சேர்த்து வைக்கிறது. தானாகக் காய்ந்து விழும்வரை யாரையும் கிட்டே விடாமல் காவல் இருந்தேன். சாம்பல் சத்துள்ள உரமும் மட்கிய உரமும் போட்டேன், வேறு ஒன்றும் செய்யவில்லை.

அப்புறம் ஒரு வசந்தத்தில் பூத்தது பாருங்கள்! ஒரு மீட்டர் உயரத் தண்டு, உச்சியில் பச்சை இலைக்கொத்து, அதன் கீழே வட்டமாகத் தலைகவிழ்ந்த ஆரஞ்சு மணிகள். ஒரு மணியை விரலால் நிமிர்த்தி உள்ளே பார்த்தால், ஒவ்வொரு இதழின் அடியிலும் ஒரு வெள்ளைக் குழி, குழிக்கு ஒரு தேன்துளி, மொத்தம் ஆறு. லேசாக அசைத்தாலும் விழாது. இதைக் காட்டிய பிறகு வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நாற்றம் உண்மைதான். நரி வாடை என்பார்கள், மறுக்க மாட்டேன். எலியும் அணிலும் அண்டாது என்கிறார்கள். என் தோட்டத்தில் டியூலிப்பை நோண்டிய அணில் இதைத் தொடவில்லை. இதை நிரூபணம் என்று சொல்லவில்லை, யாரும் ஆய்வறிக்கை கேட்டு வராதீர்கள். ஜன்னலுக்கு அடியில் நடாமல் இருந்தால் போதும்.

கிழங்கின் நடுவில் பழைய தண்டு இருந்த குழி தெரியும். அதில் தண்ணீர் தேங்கி அழுகாமல் இருக்கச் சாய்த்து நடச் சொல்வார்கள். அது வீண் வேலை என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. நான் சாய்த்துத்தான் நடுகிறேன். மண்ணில் வடிகால் நன்றாக இருந்தால் எப்படி நட்டாலும் பிழைக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குளிர்காலமே இல்லாத இடத்தில் தரையில் நட்டுவிட்டுப் பூக்கவில்லை என்று சொல்லாதீர்கள். துருக்கியிலிருந்து மேற்கு இமயம் வரையிலான மலைச்சரிவுகளில் வளரும் செடி இது, மாதக்கணக்கில் குளிர் வேண்டும்.

பூவைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். வந்த முதல் கேள்வி, "இதைச் சமைக்கலாமா?" கிழங்கு விஷம், யாரும் வாயில் வைக்காதீர்கள். இரண்டாவது, "அப்புறம் எதுக்கு வளர்க்கிற?" அடுத்த வாரம் அதே படம் 'காலை வணக்கம்' என்று எழுதி, மூலையில் வேறு யாரோ பெயரோடு எனக்கே வந்தது. அனுப்பியவர் என் சொந்தச் சித்தப்பா. கேட்டால், "பூவுக்கு என்னம்மா உரிமை?" என்கிறார். படம் எடுத்தவளுக்கு ஒரு மரியாதை கிடையாதா?

சரி, உங்கள் கிழங்குக்கு வருகிறேன். இலையில் சிவப்பு லில்லி வண்டு இருக்கிறதா என்று வசந்தம் முழுக்கப் பாருங்கள், கண்டால் கையால் பொறுக்கி நசுக்குங்கள். இலை காய்ந்ததும் அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள், இல்லாவிட்டால் வேறு எதற்கோ தோண்டும்போது மண்வெட்டி நேராகக் கிழங்கின் மேல்தான் இறங்கும்.