விண்டோஸ் 11 இருக்கும் மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் போட்டால் பழைய கோப்புகள் போய்விடுமா?

போகாது. ஆனால் உபுண்டுவை நிறுவும் பென் டிரைவைச் செருகும் முன்பே விண்டோஸில் சில வேலைகளை முடிக்க வேண்டும்.

முக்கியமான கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் பிட்லாக்கரைப் பாருங்கள், அது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. புது மடிக்கணினிகள் பலவற்றில் நாம் கேட்காமலே அது ஓடிக்கொண்டிருக்கும். அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். என் தங்கையின் கணினியில் பூட் வரிசையை (கணினி எதிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்ற வரிசையை) மாற்றியதும் நீலத் திரை வந்து அந்த எண்ணைத்தான் கேட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்ததால் தப்பித்தோம். முடிந்தால் நிறுவும் முன் பிட்லாக்கரை அணைத்துவிடுவதே நல்லது.

விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்துங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாது, உபுண்டுவிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுதுவதும் சிக்கலாகும்.

இனி, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் சி டிரைவைச் சுருக்கி உபுண்டுவுக்கு 60 ஜிபி ஒதுக்குங்கள். 25 ஜிபியிலும் உபுண்டு ஓடும், ஆனால் சீக்கிரம் நிரம்பிவிடும். அந்த இடத்தை ஃபார்மேட் செய்யாமல் காலியாகவே விடுங்கள்.

நிறுவும்போது விண்டோஸுடன் சேர்த்துப் போடும் வழியைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கை அழிக்கும் வழி பக்கத்திலேயே இருக்கும், இரண்டு முறை படித்துவிட்டு அழுத்துங்கள்.

எல்லாம் முடிந்தபின் காலை 10 மணிக்கு விண்டோஸ் 4:30 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். உபுண்டு கணினியின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி உபுண்டுவில் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம்.