உப்பளத்துப் பாட்டியும் ஒரு நாவல் அட்டையும்

வாசகர் கேள்விகளுக்குப் புத்தக அட்டை வடிவமைப்பாளர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. போட்டோ எடுப்பது விடுமுறை நாள் ஆசை, அவ்வளவுதான். போன பங்குனியில் அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் விடியற்காலையில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பாட்டியைக் கைபேசியில் எடுத்து முகநூலில் போட்டேன். ஒரு பதிப்பகத்தார் அந்தப் படத்தை நாவல் அட்டைக்குக் கேட்கிறார்கள். உள்ளே என் பெயர் போட்டு இரண்டு பிரதி தருவார்களாம். அவர்கள் அனுப்பிய கடிதத்தில், "இப்படத்தின் முழு உரிமையையும் பதிப்பகத்துக்கு அளிக்கிறேன்" என்று இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
– ஒரு வாசகி, வேதாரண்யம்

பதில்: அந்தக் கடிதத்தில் போடாதீர்கள். படத்தைத் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் வேறு கடிதம் எழுதிக் கொடுங்கள்.

டெல்டாக்காரரான உங்களுக்குக் கிரயத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. "முழு உரிமையும் அளிக்கிறேன்" என்பது கிரயம். கையெழுத்துப் போட்டபின் நாளை அந்தப் பாட்டியின் படத்தை நீங்களே ஒரு கண்காட்சியில் வைக்க வேண்டுமென்றாலும் அவர்களைக் கேட்க வேண்டிவரும். ஒரு நாவல் அட்டைக்கு அவ்வளவு தேவையே இல்லை. அவர்களுக்கு வேண்டியது குத்தகை, அதாவது உரிமம்.

1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர், அதாவது படைப்பாளி. கேமராவில் எடுத்தாலும் கைபேசியில் எடுத்தாலும், தொழில்காரர் எடுத்தாலும் ஆசைக்கு எடுத்தாலும் சட்டத்துக்கு எல்லாம் ஒன்றுதான். முகநூலில் போட்டதால் அந்த உரிமை போய்விடாது. முகநூல் நிறுவனம் தன் தளத்தில் படத்தைக் காட்டுவதற்கு நீங்கள் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். பார்த்தவர்கள் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள் கிடையாது. கேட்காமலே எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கும் உலகத்தில் இவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதற்கு உரிய மரியாதையோடு பேசுங்கள். அவர்கள் அனுப்பிய கடிதம் யாரோ எப்போதோ தட்டச்சு செய்து, எல்லோருக்கும் அனுப்பும் கடிதமாக இருக்கலாம். மாற்றச் சொன்னால் பெரும்பாலோர் மாற்றிவிடுவார்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அட்டை வடிவமைக்க வருவதற்கு முன், பிலிம் காலத்தில், நானும் ஆசைக்குப் படம் எடுத்தவன். தலையில் புல்லுக்கட்டோடு ஆற்றில் இறங்கி நடக்கும் ஒரு பெண்ணின் படத்தை ஒரு பதிப்பகம் கேட்டது. நெகட்டிவையே கொடுத்தேன். கடிதம் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். புத்தகம் வந்தது, உள்ளே என் பெயரும் இருந்தது, அம்மா அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினார். இரண்டு வருடம் கழித்து அதே படம் வேறொரு கவிதைத் தொகுப்பின் அட்டையில் இருந்தது. என் பெயர் இல்லை. தலைப்புக்கு இடப்பக்கம் இடம் வேண்டும் என்று படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அதில் அந்தப் பெண்ணின் முந்தானை வலது தோளில் கிடந்தது. புடவை கட்டத் தெரிந்த யார் பார்த்தாலும் கண் உறுத்தும். நெகட்டிவைக் கேட்டுப் போனேன், தேடிப் பார்த்து அனுப்புகிறோம் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். ஒரு பக்கம் போதும். முதலில் எந்தப் படம் என்று அடையாளம் சொல்லுங்கள். கோப்பின் பெயரையும் எடுத்த தேதியையும் எழுதி, சிறிய அளவில் படத்தையும் கடிதத்திலேயே அச்சடித்துவிடுங்கள். பிறகு எந்த நூல், யார் எழுதியது, எந்தப் பதிப்பு, அதிகபட்சம் எத்தனை பிரதி என்று எழுதுங்கள். அச்சுப் புத்தகம் மட்டுமா, மின்நூலும் உண்டா, அந்த நூலின் விளம்பரத்தில் அட்டையைக் காட்டலாமா என்பதையும் சேருங்கள். காட்டலாம் என்றே எழுதுங்கள், அட்டையைக் காட்டாமல் புத்தகம் விற்க முடியாது. ஆனால் அட்டையிலிருந்து படத்தைத் தனியே பிரித்துக் காலண்டரிலோ வேறு நூலிலோ போடக்கூடாது. இது தனி உரிமமா, பொது உரிமமா என்பதும் முக்கியம். பொது என்றால் நீங்கள் மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். ஒரே படம் இரண்டு நாவல்களின் அட்டையில் வந்தால் பதிப்பகத்துக்குச் சங்கடம், அது நியாயம்தான். அதனால் "மூன்று ஆண்டுகளுக்கு வேறு நூல் அட்டைக்குத் தரமாட்டேன்" என்று எழுதிக் கொடுக்கலாம்.

காலமும் இடமும் விட்டுப்போகக்கூடாது. எழுதாமல் விட்டால் காலம் 5 ஆண்டு, இடம் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் புத்தகம் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது. ஆகவே இடத்தைத் தெளிவாக எழுதுவது அவர்களுக்கும் நல்லது.

அடுத்து, படத்தை என்ன செய்யலாம் என்ற வரி. வெட்டலாம், அதற்குச் சம்மதியுங்கள். கிடைமட்டப் படத்தை வெட்டாமல் முன்னட்டையில் போட முடியாது. வண்ணத்தைச் சற்றுக் கூட்டிக் குறைக்கலாம். திருப்பிப் போடக்கூடாது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஆளையோ பொருளையோ சேர்க்கவும் நீக்கவும் கூடாது. அட்டை அச்சுக்குப் போகும் முன் உங்களுக்குக் காட்ட வேண்டும். உரிமையை விற்ற பிறகும்கூட, இது தன் படைப்பு என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைத்தால் தடுக்கவும் எடுத்தவருக்குச் சட்டத்தில் தனி உரிமை இருக்கிறது. ஆனாலும் அதற்காக நீதிமன்றம் போவதைவிட ஒரு வரி எழுதிக்கொள்வது எளிது. உங்கள் பெயர் எங்கே, எந்த எழுத்தில் வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். நூல் விவரப் பக்கத்திலும் பின்னட்டையிலும் வரட்டும்.

பணம். தமிழில் இதற்கென்று நிலையான விலை கிடையாது. 250 ரூபாய் விலையில் 300 பிரதி அச்சடித்தால், எல்லாம் விற்றாலும் மொத்தம் 75,000 ரூபாய். அதில் கடைக்காரர் கழிவு, அச்சுக்கூலி, எழுத்தாளர் தொகை எல்லாம் போக வேண்டும். அது நினைவில் இருக்கட்டும். அதற்காக இனாமாகக் கொடுக்காதீர்கள். அச்சகம் இனாமாக அடிப்பதில்லை, நானும் இனாமாக வடிவமைப்பதில்லை. முதல் பதிப்புக்கு ஒரு தொகை, மறுபதிப்பு வரும்போதெல்லாம் அதில் பாதி என்று கேளுங்கள். உண்மையிலேயே முடியாத சிறு பதிப்பகம் என்றால் பத்துப் பிரதி கேளுங்கள். இரண்டு போதாது. ஒன்று உங்களுக்கு, ஒன்று பள்ளி நூலகத்துக்கு என்றாலே தீர்ந்துவிடும்.

அப்புறம், படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிவிடாதீர்கள். அது நீளப் பக்கத்தைச் சுமார் 1,600 புள்ளியாக (பிக்சல்) சுருக்கிவிடும். டெமி அளவுப் புத்தகத்தின் முன்னட்டை ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 1,650க்கு 2,550 வேண்டும். 12 மெகாபிக்சல் கைபேசியின் மூலக்கோப்பு 4,000க்கு 3,000. அது முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றையும் ஒரே படமாகப் போடவே போதும். மின்னஞ்சலில் அனுப்புங்கள், அல்லது வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். கடிதம் கையெழுத்தாகும்வரை சிறிய படம் மட்டும் போகட்டும். விடியற்கால நீலம் அச்சில் கொஞ்சம் மங்கும், கைபேசித் திரையில் பார்த்தது அப்படியே வராது. மனம் தளர வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டிக்குத் தெரியுமா?

படம் உங்களுடையது, முகம் அவருடையது. 1994இல் நக்கீரன் இதழ் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியுரிமையைப் பற்றிப் பேசும்போது, ஒருவரது பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்கோ வேறு காரியத்துக்கோ பயன்படுத்துவது அந்த உரிமையை மீறுவது என்று சொன்னது. சட்டம் இருக்கட்டும். நாவலின் கதை என்ன? ஊரை ஏமாற்றிய கிழவியின் கதையாகவோ, பிள்ளைகள் கைவிட்ட தாயின் கதையாகவோ இருந்து, இவர் முகம் அட்டையில் வந்தால் உப்பளத்தில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? பதிப்பகத்திடம் கதைச் சுருக்கம் கேளுங்கள். படத்தைப் பெரிய அளவில் அச்செடுத்துக்கொண்டு போய் அவரைப் பாருங்கள். கதையைச் சொல்லுங்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், அவர் நம்பும் ஒருவரை வைத்துக்கொண்டு சம்மதக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள். வரும் தொகையில் அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், முகம் தெரியாத வேறு படம் அன்று எடுத்திருப்பீர்கள். வாருபலகையைப் பிடித்த கைகளும் வெள்ளைப் பாத்தியுமாக ஒன்று இருந்தால் அதைக் காட்டுங்கள். நான் அட்டை செய்பவனாகச் சொல்கிறேன், தலைப்புக்கு அதில்தான் இடம் கிடைக்கும்.

கேள்வி: ஸ்டுடியோ வைத்திருந்த என் தாத்தா 1962இல் எடுத்த ஓர் எழுத்தாளரின் படம் அதே வருடம் ஒரு பத்திரிகையில் வந்தது. தாத்தா 1991இல் காலமானார். இப்போது அதை அட்டையில் போட நினைக்கும் பதிப்பகம், 60 வருடம் ஆகிவிட்டதால் அனுமதி வேண்டாம் என்கிறது. சரியா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அவர்கள் சொல்வது பழைய கணக்கு. முன்பு புகைப்படத்துக்கு வெளியான வருடத்திலிருந்து 60 ஆண்டு. 2012இல் சட்டத்தைத் திருத்தி, எடுத்தவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அப்போது உங்கள் தாத்தாவின் படத்துக்கு உரிமை உயிரோடுதான் இருந்தது. ஆகவே 2051 முடியும்வரை உண்டு.

ஆனால் அந்த உரிமை யாருடையது என்பதுதான் கேள்வி. எழுத்தாளரோ பத்திரிகையோ காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை காசு கொடுத்தவருக்கு. தாத்தா பிரியத்தில் தானாக எடுத்தது என்றால் உங்கள் குடும்பத்துக்கு. நெகட்டிவ் உங்கள் பீரோவில் இருப்பது இதைத் தீர்மானிக்காது. ஸ்டுடியோவின் பழைய பில் புத்தகம் கிடைக்கிறதா என்று பாருங்கள். தாத்தாவின் பெயரை நூலில் போடச் சொல்வதற்கு எந்தக் கணக்கும் தடையில்லை. அதை இன்றே கேளுங்கள்.

கேள்வி: படத்தைக் கொடுக்கும் முன் அரசிடம் பதிவு செய்தே ஆக வேண்டுமா?
– ஒரு மாணவர், மதுரை

பதில்: வேண்டாம். எடுத்த நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது. வழக்கு என்று வந்தால் பதிவுச் சான்று உதவும், ஒரு படத்துக்குக் கட்டணம் 500 ரூபாய். அதைவிட முதலில், திருத்தாத மூலக்கோப்பையும் அதற்கு முன்பின் எடுத்த நாலைந்து படங்களையும் அழிக்காமல் இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.