உப்புக் காற்றில் பசுமை வீடு: முதலில் தொட்டி, பிறகு சுவர்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கடலிலிருந்து சுமார் 700 மீட்டர் தள்ளி எட்டு சென்ட் மனை இருக்கிறது. நாங்கள் நான்கு பேர். சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையில் 1,600 சதுர அடியில் வீடு கட்ட ஆசை. மண் கட்டியில் கட்டலாமா? மனையிலேயே மணல் குவிந்து கிடக்கிறது, அதையே பயன்படுத்தலாமா? போர் போட்டால் எத்தனை அடியில் நல்ல தண்ணீர் கிடைக்கும்? இதெல்லாம் வேண்டாத வேலை, வழக்கம்போல் கட்டுங்கள் என்கிறார் கொத்தனார்."

கொத்தனார் சொல்வது பாதி சரி. மண் கட்டி வேண்டாம் என்ற பாதி. "வழக்கம்போல்" என்கிறாரே, அங்கேதான் சிக்கல். மண்டபத்திலிருந்து கீழக்கரை வரை வழக்கம்போல் கட்டிய வீடுகளின் சன்ஷேடுகளை அண்ணாந்து பாருங்கள். இருபது வருடம்கூட ஆகாத வீட்டில் காரை பெயர்ந்து, துரு ஏறிய கம்பி வெளியே தெரியும். இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருக்கும். அந்தப் பருமன்தான் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. ஒரே ஆயுளில் இரண்டு முறை கட்டப்படும் வீட்டுக்கு இரண்டு மடங்கு மணல், இரண்டு மடங்கு ஜல்லி, இரண்டு மடங்கு சிமென்ட். நம் கடற்கரையில் பசுமை வீடு என்றால் எனக்கு முதல் பொருள், அறுபது வருடம் நிற்கும் வீடு. அடுத்தது, ஊரின் நிலத்தடி நீரை உப்பாக்காத வீடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். எத்தனை அடி என்று கேட்டிருக்கிறீர்கள். கரையோர மணலில் ஆழம் போகப் போக உப்புதான் வரும். மழைநீர் மணலில் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி உயரம் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. அதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும்: மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழேயிருந்து உப்பு நீர் நாற்பது அடி ஏறப் பார்க்கும். ஒரு வீட்டின் ஆழமான போர் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கெடுப்பது இப்படித்தான். மணலில் ஊற்றுத் தோண்டி, ஊற ஊற அள்ளிய நம் பெண்களுக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. ஆனால் அள்ளிய முறை மிகச் சரி. ஆகவே போர் வேண்டாம். உறை இறக்கிய ஆழமில்லாத கிணறு, அரைக் குதிரைத்திறன் மோட்டார், ஒரே மூச்சில் இறைக்காமல் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். குளிக்கவும் துவைக்கவும் அது போதும்.

குடிக்கவும் சமைக்கவும் வானத்தைத்தான் நம்ப வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் வருகிறது என்பது உண்மை. அது வராத நாட்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். சிந்தியது, ஆவியானது போக ஆண்டுக்கு அறுபதாயிரம் லிட்டர் அளவுக்குக் கைக்கு வரும். நான்கு பேருக்கு ஆளுக்குப் பத்து லிட்டர் வீதம் எட்டு மாத வறட்சிக்கு 9,600 லிட்டர்தான் தேவை. 10 அடி நீளம், 8 அடி அகலம், ஐந்தேகால் அடி ஆழத்தில் தொட்டி கட்டினால் 12,000 லிட்டர் சற்றேறக்குறைய கொள்ளும். கூரையில் படிந்த உப்பையும் காக்கை எச்சத்தையும் கழுவி வரும் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். தொட்டி நிறைந்து வழிவதைத் தெருவில் விடாமல் மணலுக்குள் இறக்குங்கள். கிணற்றின் நல்ல அடுக்கு அதனால்தான் தடிக்கும். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். ஆனால் மொட்டைமாடிக் குழாயை ஒரு வாளி அளவுக் குழியில் செருகிவிட்டுச் சான்று வாங்கும் கலையும் அன்றே பிறந்துவிட்டது.

கழிவறையும் தண்ணீர் விஷயமே. மணலில் அடி திறந்த குழி வெட்டினால் கழிவு நேரே அந்த மெல்லிய அடுக்கில் கலக்கும். அடியும் பக்கமும் பூசிய செப்டிக் டேங்க் கட்டுங்கள். கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி.

இனி சுவர். மண் கட்டிக்கு அளவான களி உள்ள மண் வேண்டும். உங்கள் மனையில் இருப்பது மணல். உள்நாட்டிலிருந்து லாரியில் மண் வரவழைத்தால் பசுமையில் பாதி டீசலாகப் போய்விடும். போதாததற்கு, உப்பு அடியிலிருந்து ஏறி, காயும்போது படிகமாகி, சுவரின் காலை அரிக்கும். மதுரைப் பக்கம் அழகாக நிற்கும் மண் வீட்டை இங்கே கொண்டுவர முடியாது. தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல் நமக்கு ஏற்றது. மேல்மண்ணும் சூளை விறகும் மிச்சம். வாங்குமுன் ஒரு கல்லை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்தால் விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தரைமட்டத்துக்கு மேல் மூன்றடி அடித்தளம் எழுப்பி, ஈரத்தடுப்புப் பூச்சு போட்ட பிறகே சுவர் ஏற வேண்டும். உள்பூச்சுக்குச் சுண்ணாம்பு நல்லது. சுவருக்குள் வந்த உப்பு பூச்சோடு உதிரும், கல் தப்பிக்கும். உதிர்ந்ததைச் சுரண்டி மறுபடி பூசிக்கொள்ளலாம்.

சுண்ணாம்பு என்றதும் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையிலிருந்து வெட்டிய கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்தக் கரையில் சுவரும் அதுதான், சுண்ணாம்பும் அதுதான். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பவளத்தின் துளைகள் தெரியும். அப்படி வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் நீருக்குள் போயின. 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. யாராவது மலிவாகக் கொண்டுவந்து தந்தாலும் தொடாதீர்கள்.

மனை மணலையும் தொடாதீர்கள். அதில் உள்ள குளோரைடு கம்பியின் எமன். அந்த மேடுதான் மழையைப் பிடித்து வைக்கிறது, புயல் அலையையும் தடுக்கிறது. கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்ட், தரமானதாகப் பார்த்து வாங்குங்கள். தூண், உத்தரம், தளத்துக்கு எம்30 என்ற வலுக் கொண்ட கான்கிரீட் கலவை. கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடாக்கு. கரையோரக் கட்டடங்களுக்கு இந்தியத் தர விதி 456 சொல்லும் அளவு இவை. இரும்புக் கசடு கலந்த பி.எஸ்.சி. சிமென்ட் உப்பை நன்றாகத் தாங்கும். உலைக் கழிவுக்கும் வழி பிறக்கிறது. தளம் போடும் நாளன்று மட்டுமாவது நீங்கள் அங்கே நில்லுங்கள். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் கட்டையை அடியில் வைக்காமல் கையில் கிடைத்த ஜல்லித் துண்டைச் செருகுவார்கள். ஆள் நடந்ததும் அது நழுவும். கம்பி பலகையில் போய்ப் படியும். இருபது வருடம் கழித்துப் பெயரப்போகும் இடம் அதுதான்.

1,600 சதுர அடி எதற்கு என்றும் கேட்கத் தோன்றுகிறது. சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட், 4 கிலோ கம்பி என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. ஆயிரம் சதுர அடியோடு நிறுத்தினால் 240 மூட்டையும் 2.4 டன் இரும்பும் மிச்சம். எந்தப் பசுமைப் பொருளும் இந்த அளவுக்கு மிச்சம் பிடித்துத் தராது. வெளிநாட்டுப் பணத்தில் எழுந்து, வருடத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் மாளிகைகள் நம் பக்கம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. கூடுதல் இடம் வேண்டுமானால் முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் இறக்கி, பனங்கைகளின் (பனை மரத்தில் அறுத்த கூரைச் சட்டங்களின்) மேல் ஓடு வேயுங்கள். வைரம் பாய்ந்த பனையை உப்புக் காற்று சீக்கிரம் தின்னாது. பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்; பழைய வீடு இடிக்கும் இடங்களில் தேடினால் நல்ல கைகள் கிடைக்கும்.

கூரையில் சூரியத் தகடு போடுவதானால் தாங்கி அலுமினியமாக இருக்கட்டும். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரை உண்டு.

உங்கள் 700 மீட்டர் எங்கிருந்து அளந்தது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். பக்கத்தில் அலைநீர் ஏறும் உப்பங்கழி இருந்தால் அதற்குத் தனி எல்லை. உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் பதில் வாங்கிய பிறகு அடித்தளம் தோண்டுங்கள். கலவைக்குப் பயன்படுத்தப்போகும் தண்ணீரில் ஒரு பாட்டிலும், வாங்கப்போகும் எம்-சாண்டில் ஒரு பையும் பரிசோதனைக்கூடத்துக்குக் கொடுங்கள். தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அது ஆகாது. தொட்டியை ஆவணிக்குள் முடித்து, தற்காலிகமாகத் தகரக் கூரை போட்டு அதில் விழும் மழையைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டால், கார்த்திகை முடிவதற்குள் கலவைக்கும் நனைப்பதற்கும் உங்கள் மனையிலேயே தண்ணீர் இருக்கும்.